கூரை வேண்டாம் என்று சொன்னவள்

கேட்ட உடனே "ஓம்" சொல்லுகிற மனிதர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம் என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சோறு போடவோ என்றால் ஓம், போடுங்கோ என்கிறார்கள். எவ்வளவு சுகமான வாழ்க்கை. நான் அப்படி வளரவில்லை. எங்கள் வீட்டில் முதல் தரம் சொல்லுகிற "வேண்டாம்" தொண்டையைச் செருமுவது மாதிரி. அதற்கு ஒரு கருத்தும் கிடையாது. இரண்டாம் தரம் சொல்லுகிற வேண்டாம் மரியாதை. மூன்றாம் தரம் வீட்டுக்காரி தட்டைக் கையிலேயே திணிக்கும்போது, "ஐயோ, ஏன் உங்களுக்கு வீண் கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டு வாங்க வேண்டும். வாங்கினதை மிச்சம் விடாமல் சாப்பிடவும் வேண்டும். இந்த ஒழுங்கில் ஒரு படி பிழைத்தாலும் பக்கத்தில் இருக்கிற அம்மாவின் விரல் என் தொடையில் வந்து நுள்ளும். முகத்தில் சிரிப்பு மாறாமல் நுள்ளுவதில் அம்மாவை வெல்ல ஆள் இல்லை.

ஜேர்மனிக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒரு வகுப்புச் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போனேன். கேக் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், கேக் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது. அது திரும்பி வரும் என்று பின்னேரம் முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. பசியோடு வீட்டுக்கு வந்து சொன்னபோது, "இன்னொருக்கா கேக்கேல்லையோ? என்ன சனங்களப்பா" என்று அம்மா சோறு போட்டுத் தந்தார்.

அன்றைக்குப் பாடம் படித்தேன். படித்ததோடு நிற்காமல் ஊருக்கெல்லாம் படிப்பிக்கவும் தொடங்கினேன். கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய என் கணவருக்கு, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே வகுப்பு எடுத்தேன். "இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். உடன ஓம் எண்டு சொல்லிப்போடோணும், விளங்கிச்சோ?" (இந்த வசனத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது காது சுடுகிறது.) ஜேர்மன்காரரைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும் என்ற மிதப்பில் திரிந்த காலம் அது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஹம் நகரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னச் சங்கமொன்றில் எனக்கு வேலை. எத்தியோப்பியாவின் தென்மேற்கில் உள்ள ஒரு காட்டையும், அந்தக் காட்டை நம்பி வாழ்கிற சனத்தையும் காப்பாற்ற ஜேர்மனியில் நிதி சேர்த்து அனுப்புவது சங்கத்தின் தொழில். சங்கம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்கவேண்டாம். பொறுப்பாளர் உல்ரிக், நான், நினைத்த நேரம் நின்றுபோகிற ஒரு பிரின்டர். அவ்வளவுதான் சங்கம்.

எங்கள் ஆட்களுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்துவது வேலையைவிடக் கஷ்டம். ஒரு கலியாண மண்டபத்தில் சொந்தக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "காட்டுக்கு என்னத்துக்குப் பிள்ளை காசு? காடு என்ன கடைக்கோ போகுது?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் கோப்பி தானாக முளைத்து நிற்கிறது, யாரும் நட்டதில்லை. மேலே உச்சிக் கிளைகளில், குடைந்த மரக்குற்றிகளைத் தேனீ வந்து குடியிருக்கக் கட்டித் தொங்கவிடுவார்கள். மரம் நின்றால்தான் தேன். தேன் நல்ல விலைக்குப் போனால்தான் மரமும் நிற்கும். இல்லாவிட்டால் வெட்டிப்போட்டுச் சோளம் விதைக்க வேண்டியதுதான், பிள்ளைகுட்டி சாப்பிட வேண்டுமே. சிக்கல் என்னவென்றால், தேன் எடுத்து முடிகிற கையோடு பெருமழை தொடங்கிவிடும். வைக்க இடமில்லாததால் தெருவில் நிற்கிற யாவாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் தேன் வைக்க ஒரு களஞ்சியம் கட்டத் தொடங்கினார்கள். பீப்பாய் வந்தது, வடிகட்டுகிற பாத்திரங்கள் வந்தன, சுவரும் எழும்பியது. அதற்குள் அங்கே தகரம் விலை ஏறி, போகிற வழியில் பாலமும் உடைந்து அதைத் திருத்தவேண்டி வந்து, கூரைக்கென்று வைத்திருந்த காசு கரைந்துபோய்விட்டது. நாலு சுவர் நின்றது, மேலே வெறும் வானம். மழைக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது.

இந்த வேலைக்கு உதவி செய்து வந்தது ஒரு குடும்ப அறக்கட்டளை. கதவுப் பிடிகள் செய்து பணக்காரரான குடும்பம். ஹம்மிலிருந்து ரெயிலில் போகக்கூடிய ஒரு சின்ன ஊரில், அதன் தலைவி ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். நெட்டையான உருவம், நேரான முதுகு, நேரான பேச்சு. மரங்கள் என்றால் உயிர். அறக்கட்டளையின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர் அவருடைய அண்ணனின் மகன். அவருக்கு மரங்களில் விருப்பமுமில்லை, வெறுப்புமில்லை, மணிக்கூட்டில்தான் விருப்பம்.

அந்த வசந்தத்தில் தேன்காரர்களின் கூட்டுறவுச் சங்கத் தலைவர் டெஸ்ஃபாயே ஜேர்மனிக்கு வந்தார். ஃப்ராவ் ஹோல்ட்காம்பை நேரில் சந்தித்துக் கூரை விஷயத்தைச் சொல்வதுதான் பயணத்தின் நோக்கம். அவரை அழைத்துப் போகவேண்டியவர் உல்ரிக். ஆனால் சந்திப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னம் உல்ரிக் சைக்கிளோடு படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆகவே பொறுப்பு என் தலையில். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தபடி அவர் எனக்கு ஒரேயொரு புத்திமதி சொன்னார். "நீ கெஞ்சத் தேவையில்லை. அவரே கேட்பார். கேட்டால் என்ன தேவையென்று சொல்லு, போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்கு யார் சொல்லுகிறது.

சங்கத்துக்கு ஹோட்டல் எடுக்க வசதியில்லை. டெஸ்ஃபாயே எங்கள் வீட்டில்தான் தங்கினார். நாற்பது வயதைத் தாண்டியவர், முன்னாளில் வாத்தியார், சரியான கதைகாரர். தோள் நன்றாக நிமிர்ந்த சாம்பல் நிறச் சூட் ஒன்று வைத்திருந்தார். அதைத் தானே ஸ்திரி போடுவார், என்னைத் தொடவிடமாட்டார். ஜேர்மன் பாண் ரொட்டியைப் பற்றி அவருக்குப் பெரிய முறைப்பாடுகள் இருந்தன. என் அம்மா சுட்ட தோசையைக் கண்டதும் முகம் மலர்ந்து, இது எங்கள் ஊர்ப் புளித்த மா ரொட்டி இஞ்சராவின் சின்னத் தங்கச்சி என்றார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் உற்றுக் கவனித்திருக்க வேண்டும். அம்மா தோசை போட வந்தார். டெஸ்ஃபாயே நெஞ்சில் கையை வைத்து வேண்டாம் என்றார். அம்மா போட்டார். அடுத்ததற்கும் வேண்டாம், அதையும் போட்டார். மூன்றாவதுக்கு அம்மா, "என்னாணை, இதொண்டு மட்டும் தம்பி" என்றார். அது என்ன சொல் என்று டெஸ்ஃபாயே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். தன்மேல் ஆணை வைத்துச் சாப்பிடச் சொல்லுகிறார் என்றேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தங்கள் ஊரிலும் வீட்டுக்காரர் தன்னுடைய சாவின்மேல் ஆணை வைத்துத்தான் விருந்தாளியைச் சாப்பிடச் சொல்வார்களாம். அப்படிச் சொன்ன பிறகு மறுத்தால் பெரிய பிழையாம். "என்னாணை, என்னாணை" என்று நாலைந்து தரம் சொல்லிப் பழகிவிட்டு அந்தத் தோசையைச் சாப்பிட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல வளர்ப்பு" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். இந்த நல்ல வளர்ப்பு இரண்டு பேராக அடுத்த நாள் ஃப்ராவ் ஹோல்ட்காம்பின் மேசையில் போய் இருக்கப்போகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை ரெயிலில் போகும்போது அவருக்கும் என் வகுப்பை எடுத்தேன். இங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள், உடனே ஓம் சொல்லவேண்டும் என்றேன். தனக்கு அது தெரியும் என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

வீட்டுக்குள் போனதும் சோதனை வந்தது. கேக் சாப்பிடுகிறீர்களா என்று ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் கேட்டார். "ஓம்" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவு சொல்லுகிற மாதிரிச் சொன்ன வேகத்தில் அவர் சற்றுத் திடுக்கிட்டுப் போனார். இன்னொரு துண்டு? ஓம். கோப்பி? ஓம். இன்னும் கோப்பி? ஓம். டெஸ்ஃபாயே என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பாஸ் பண்ணிவிட்டோம்.

பிறகு கதை தொடங்கியது. டெஸ்ஃபாயே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் ஜேர்மனில் சொன்னேன். அவர் கொண்டுவந்த தேனை எல்லாரும், மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்த அண்ணன் மகனும்கூட, தொட்டு நக்கிப் பார்த்தார்கள். மரம் ஏறுகிற விதத்தை அவர் கதிரையைப் பிடித்து நடித்துக் காட்டினார். சூட் கசங்காமல் காட்டினார். ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் குழந்தை மாதிரிச் சிரித்தார். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், களஞ்சியத்தின் படத்தில் நின்றுவிட்டார். கூரை எங்கே என்று கேட்டார்.

தகரம், பாலம், மழை எல்லாவற்றையும் சொன்னேன். அழகாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அப்படியானால் கூரையை நான் போட்டுத் தரட்டுமா? அறக்கட்டளைக்கு இந்த வருஷம் கை இறுக்கம். என்னுடைய சொந்தக் காசில் தருகிறேன்."

இந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அறக்கட்டளை என்றால் அலுவலகம், அதனிடம் வாங்க எனக்கு வெட்கமில்லை. சொந்தக் காசு என்று கேட்டதும் என் முன்னால் இருந்தது ஒரு வீட்டுக்காரி, கையில் தட்டு. அவ்வளவு பெரிய தட்டை எனக்கு யாரும் அதுவரை நீட்டியதில்லை. மூளைக்கு விஷயம் போய்ச் சேருமுன்னமே தொடை நுள்ளலுக்குப் பயந்து சுருங்கிவிட்டது. வாய் தன்பாட்டில் திறந்தது.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எவ்வளவோ செய்துவிட்டீர்கள்."

அதோடு விட்டேனா? பொறுப்பாக டெஸ்ஃபாயேயின் பக்கம் திரும்பி, அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் பாதி எழும்பி, நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து, இது மிகவும் அதிகம் அம்மா, வேண்டாம் என்றார். அவ்வளவு வடிவான ஒரு மறுப்பை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தோம்.

"நல்லது" என்றார் ஃப்ராவ் ஹோல்ட்காம்ப். படத்தை மற்றப் படங்களோடு சேர்த்து அடுக்கி வைத்தார். அண்ணன் மகனின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

இரண்டாம் தரம் வரவில்லை. ஆனாலும் இன்னும் நம்பிக்கை இருந்தது. எங்கள் ஆட்களுக்குச் சாடைமாடையாகச் சொல்லத் தெரியாதா என்ன. அங்கே பயங்கர மழை பெய்யும் என்றேன். காட்டுக்கு நல்லதுதானே என்றார் அவர். தேனுக்குத் தண்ணீர் ஆகாது என்று டெஸ்ஃபாயே சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். அப்படியா, இது எனக்குப் புதுச் செய்தி என்றார். சுவரெல்லாம் நல்ல உறுதி, மேல்பக்கம்தான் கொஞ்சம் திறந்திருக்கிறது என்றேன் நான். காற்றோட்டமாக இருக்கும் என்றார் அண்ணன் மகன்.

கடைசி நம்பிக்கை வாசல். எங்கள் ஆட்கள் "அப்ப போட்டு வாறம்" என்று எழும்பின பிறகுதான் உண்மையான கதையே தொடங்கும். சபையில் சொல்லாததை வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு சொல்வார்கள். கலியாணப் பேச்சுகூட அங்கேதான் முடிவாகும். டெஸ்ஃபாயேயின் ஊரிலும் அப்படித்தானாம். ஆகவே நாங்கள் வாசலில் நின்றோம். நின்றோம். சப்பாத்து நூலைக் கட்டி அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் மிச்சக் கேக்கை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். (கேக்கைக் கேளாமலே தந்தவ, கூரையை ஒருக்காக் கேட்டிட்டு விட்டிட்டா.) அதற்குப் பிறகும் நாங்கள் போகவில்லை. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ரொய்லெற்றுக்குப் போகவேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், வேண்டாம்" என்றோம் இரண்டு பேரும்.

கதவு பூட்டியது. டெஸ்ஃபாயேக்கு உண்மையிலேயே போகவேண்டியிருந்தது என்பது எனக்கு ரெயிலில்தான் தெரியும். ஓம் ஓம் என்று வாங்கிக் குடித்த கோப்பி எல்லாம் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. ரெயிலில் ரொய்லெற் பழுது என்று தாள் ஒட்டியிருந்தது. அந்த அழகான சூட்டோடு மனிதர் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"அவர் எப்போது திரும்பக் கேட்பார்?" என்றார்.

"கேட்கமாட்டார்."

"ஆனால் நாங்கள் ஒரு தரம்தானே மறுத்தோம்."

நான் மடியில் இருந்த கேக் பெட்டியின் மூடியை அமத்தினேன். அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். மனைவியின் தம்பி ஏற்கெனவே சில மரங்களில் கோடாலியால் குறி போட்டுவிட்டானாம். கூரை வருகிறது, பொறு என்று அவனுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாராம். திங்கட்கிழமை திரும்பிப் போகவேண்டும்.

"நான் மரியாதைக்கு வேண்டாம் என்று சொன்னேன் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்" என்றார். "மழைக்கு விளங்காது."

அவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்துத் திரிந்த என் வாயை நானே அடிக்கவேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உல்ரிக்கின் ரெலிபோன். நடந்ததைச் சொன்னேன். ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டார். மரியாதைக்கு என்றேன். இப்போதே ஃப்ராவ் ஹோல்ட்காம்புக்கு ரெலிபோன் அடித்து ஓம் என்று சொல்லு என்றார். அவருக்கு அது இலேசு. வேண்டாம் என்று சொன்ன பொருளைத் திரும்பப் போய்க் கேட்பதா? எங்கள் பரம்பரையில் யாரும் செய்யாத வேலை. ஆனாலும் மழையை நினைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினேன்.

"ஏதாவது விட்டுவிட்டுப் போனீர்களா?" என்றார் ஃப்ராவ் ஹோல்ட்காம்ப்.

"இல்லை, இல்லை" என்றேன். கேக் நல்லாயிருந்தது என்றேன். நன்றி என்றார். நன்றி என்றேன். வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற கணவர், "என்ன, கூரையைக் கேட்டனீரோ?" என்றார்.

"கேக் நல்லாயிருந்தது எண்டு சொன்னனான்."

அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் மன்னிக்கப் பல வருஷம் எடுத்தது.

அம்மாவுக்கு யாருடைய பிழை என்பதில் சந்தேகமே இல்லை. "பிள்ளையள் வேண்டாம் எண்டால் அவ உடன விட்டிடுறதோ? இன்னொருக்கா கேட்டால் வாயில இருக்கிற முத்தோ கொட்டும்?" என்று பொரிந்துகொண்டிருந்தவரின் கண்ணில் கேக் பெட்டி பட்டது. "உது ஆற்ற பெட்டி?" ஃப்ராவ் ஹோல்ட்காம்பின் பெட்டி என்றேன். "அப்ப திருப்பிக் குடுக்கோணுமெல்லே. வெறும் பெட்டி குடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா உளுந்தை ஊறப்போட்டார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியில் பல்லு நொந்தாலும் டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துத்தான் நோகவேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் ஞாயிறு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், மூன்று பேராக, வடையோடு ஒரு வீட்டுக்குப் போகிறோம். நான் எவ்வளவோ மன்றாடினேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார், டெஸ்ஃபாயே திரும்பவும் சூட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். ரெயில் பெட்டி முழுக்க எண்ணெய் மணம். நான் யாரையும் தெரியாதவள் மாதிரி யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன்.

கதவைத் திறந்த ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் எங்களைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். ஆனால் வளர்ப்பு நல்ல வளர்ப்பு, உள்ளே வரச்சொன்னார். சாப்பாட்டு மேசையில் அண்ணன் மகன் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு இருந்தார். தட்டுகளில் அவித்த வெள்ளை ஸ்பார்கல் தண்டுகளும் உருளைக்கிழங்கும். இந்த நாட்டில் அந்தப் பருவத்தில் அதை விட்டால் வேறு சாப்பாடில்லை. அம்மா தட்டுகளைப் பார்த்து, "பாவம், உப்புப்புளியில்லாமல் அவிச்சு வைச்சிருக்கினம்" என்று எனக்குச் சொன்னார். பெட்டியைத் திறந்தார். கேளாமல் ஆளுக்கொரு வடை வைத்தார்.

ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் நன்றி சொல்லிச் சாப்பிட்டார். நல்லாயிருக்கிறது என்று உண்மையாகவே சொன்னார். அம்மா இன்னொன்று வைத்தார். வேண்டாம், நன்றி என்றார் அவர். அம்மா சிரித்துக்கொண்டு மூன்றாவதையும் வைத்தார். வேண்டாம் என்று தெளிவாக, கையையும் காட்டிச் சொன்னார். நாலாவது வந்து ஸ்பார்கலுக்கு மேல் இருந்தது. அண்ணன் மகன் தட்டைக் கையால் மூடினார். அம்மா கையைத் தூக்கிவிட்டு வைத்தார்.

"நான் வேண்டாம் என்று சொன்னேனே" என்றார் ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் என்னிடம். "உங்கள் அம்மாவுக்கு விளங்கவில்லையா?"

"விளங்கியது" என்றேன். "ஆனால் எங்களுக்குள்ளே முதல் தரம் சொல்கிற வேண்டாம் கணக்கில் வராது."

"இரண்டாம் தரம்?"

"அதுவும் வராது."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு டெஸ்ஃபாயேயைப் பார்த்தார். "இவருடைய ஊரில்?"

"அங்கேயும் அப்படித்தான்."

"அப்படியானால் நேற்று..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நான் ஸ்பார்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் எந்த நிறத்தில் இருந்தது என்று அண்ணன் மகனைத்தான் கேட்கவேண்டும்.

அவர் என்னை விட்டுவிட்டு டெஸ்ஃபாயேயிடம் நேரே திரும்பினார். பள்ளிக்கூடத்தில் படித்த பழைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "மிஸ்டர் டெஸ்ஃபாயே, கூரை. திரும்பவும் கேட்கிறேன்" என்றார்.

கடவுளே, அந்த மனிதரின் கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போகத் தொடங்கியது. தலை குனியத் தொடங்கியது. நான் மேசைக்குக் கீழே காலால் தேடினேன், எட்டவில்லை. அம்மாவுக்கு ஜேர்மனும் விளங்காது, ஆங்கிலமும் விளங்காது. ஆனால் விருந்தாளி ஒருத்தர் மறுக்கப்போகிற முகம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? ஒரு வடையை எடுத்து அவருடைய கைக்குள் வைத்து அமத்தினார்.

"என்னாணை, தம்பி."

டெஸ்ஃபாயே வடையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார், தமிழில். பிறகு ஃப்ராவ் ஹோல்ட்காம்பின் பக்கம் திரும்பி ஆங்கிலத்திலும் சொன்னார். "ஓம், அம்மா. எங்களுக்குக் கூரை வேண்டும்."

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. அதுவரை கதையும் சிரிப்புமாக இருந்த மனிதர் வடையைக் கையில் பிடித்தபடி கண்ணைத் துடைத்தார். ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் தலையாட்டினார். அண்ணன் மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் பார்த்த பார்வையில் வடையைக் கடித்துக்கொண்டார்.

வெளிக்கிடும்போது ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் என்னை மட்டும் ஒரு பக்கம் கூப்பிட்டார். கோபமாகத்தான் இருந்தார். "உங்களுடைய வேலை இந்த மனிதருக்காகக் கேட்பது" என்றார். "நல்ல பிள்ளையாக இருப்பதல்ல." என் வாழ்க்கையில் அம்மாவின் நுள்ளை விட நொந்த சொல் அது ஒன்றுதான்.

கூரை போட்டார்கள். அதற்குள் முதல் மழை வந்து கொஞ்சத் தேன் யாவாரியிடம் போனது போனதுதான். மிச்சம் களஞ்சியத்துக்குள் போய், மழை முடிந்த பிறகு நல்ல விலைக்குப் போனது. குறி போட்ட மரங்களை யாரும் வெட்டவில்லை. மனைவியின் தம்பிதான் இப்போது களஞ்சியப் பொறுப்பாளர் என்று டெஸ்ஃபாயே பிறகொரு நாள் ரெலிபோனில் சொன்னார். ஜேர்மனியில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி கூரையை வேண்டாம் என்று சொன்ன கதையை அங்கே சின்னப் பிள்ளைகளும் சொல்லுகிறார்களாம். தான் சொன்ன வேண்டாமை அந்தக் கதையில் சேர்த்தாரா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றார்.

ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் அதற்குப் பிறகு அறக்கட்டளைக் கூட்டங்களில் எல்லாவற்றையும் மூன்று தரம் கேட்கத் தொடங்கினார். கோப்பி வேண்டாம் என்று சொல்லுகிற அசல் ஜேர்மன்காரரையும் விடமாட்டார். அண்ணன் மகன் மூன்று தரம் வேண்டாம் சொல்லிக் களைத்து, கடைசியில் கோப்பி குடிக்கப் பழகிவிட்டாராம். அம்மா இன்றைக்கும் தன் தீர்ப்பை மாற்றவில்லை. பிழை ஒருக்காக் கேட்டுவிட்டு விட்டவருடையதுதான்.

எங்கள் வீட்டில் கூரை என்ற சொல் பிறகு ஒரு சட்டமாகவே வந்துவிட்டது. யாராவது ஏதாவது வேண்டாம் என்றால், மற்றவர் "கூரையோ?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால் மரியாதை பார்க்கக்கூடாது, உண்மையைச் சொல்லவேண்டும். கடைசி மீன் பொரியல் துண்டு, நல்ல யன்னல் பக்கத்து இருக்கை, எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ்தான் போகும். கணவர் இதை வைத்து என்னைப் பகிடி பண்ணாத விருந்து கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு முழுக் கதையையும், ரொய்லெற் உட்பட, அவர்தான் நடித்துக் காட்டுவார்.

எங்கள் மகள் வளர்ந்து, படிப்புக்காக லைப்சிக் நகரத்துக்குப் போன முதல் குளிர்காலம். ஒரு நாள் ரெலிபோனில் குரல் ஒரு மாதிரி இருந்தது. காய்ச்சலோ என்றேன், கொஞ்சம் என்றாள். சாப்பிட்டியோ என்றேன், ஓம் என்றாள். நான் வரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம் அம்மா. உங்களுக்கு வேலை இருக்கு."

சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"கூரையோ?"

மூக்கை உறிஞ்சினாள்.

"ஓம் அம்மா. கூரைதான். வாங்கோ."